நடுவில் நின்ற முள்: பழைய கார் ஒன்றின் டெம்பரேச்சர் மீட்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பத்தில் பழைய பெட்ரோல் கார்களைப் பார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. நான், ஓர் உதவியாளர், வேலை பழகும் ஒரு பையன், மூன்றே பேர். வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் மலை ஏறுகிறவை. இங்கிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் லோயர் கேம்பில் தொடங்கும் கடைசி 6 கிலோமீட்டர் முழுக்க ஏற்றம். கீழே தரையில் ஒழுங்காக ஓடுகிற வண்டி, அந்த ஏற்றத்தில் தன் உண்மையான நிலையைக் காட்டிவிடும்.

இந்த வண்டியின் உரிமையாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். உத்தமபாளையம் பக்கம் வீடு, ஆனக்கரை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். மாதத்தில் இரண்டு மூன்று முறை குமுளி வழியாக மேலே போய்வருவார். வண்டி 1990களின் தொடக்கத்தில் வாங்கியது. கார்புரேட்டர், நான்கு சிலிண்டர், இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் ஃபேன். கம்பெனி பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அந்தக் காலத்தில் இதே அமைப்பில் மீட்டர் வைத்த வண்டிகள் பல உண்டு. குறை எந்த ஒரு மாடலுக்கும் சொந்தமானது அல்ல. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

புகார் எளிமையானது. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிடுகிறது. மாதா கோவில் வளைவுக்கு வருவதற்குள் ஏறிவிடும் என்றார். ஓரம்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தால் தண்ணீர் கொதிப்பதில்லை, ஆவி இல்லை, வாசனை இல்லை. அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஏறுவார்.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு மாதமாக வேறொரு பட்டறையில் பார்த்திருக்கிறார்கள். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்தார்கள். வாட்டர் பம்ப் புதிதாகப் போட்டார்கள். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டை எடுத்தே விட்டார்கள். முள் இறங்கவில்லை. அடுத்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, அதன் அடியில் இருக்கும் கேஸ்கட்டைப் பார்க்கலாம் என்று சொன்னபோதுதான் ஆசிரியருக்கு யோசனை வந்திருக்கிறது. “ஹெட்டைத் திறந்தா இந்த வயசு வண்டி பழையபடி மூடுமா தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வருஷப் போல்ட் எல்லாம் கழற்றும்போது என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்தப் பட்டறையில் செய்தவற்றை நான் குறை சொல்லவில்லை. வண்டி ஹீட் ஆகிறது என்றால் செய்ய வேண்டிய வேலைகள்தான் அவை. ஆனால் வண்டி உண்மையிலேயே ஹீட் ஆகிறதா என்று அதுவரை யாரும் அளக்கவில்லை.

முதல் நாள் காலை: பட்டறையில் பார்த்தது

முள் பொய் சொல்கிறது என்ற சந்தேகம் ஆசிரியர் பேசி முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகத்தை நம்பி மலை ஏற்றக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். மீட்டர்தான் கெட்டது என்று அலட்சியமாக ஓட்டி ஹெட் வளைந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். முதலில் இன்ஜின் சூடாகவில்லை என்று வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். மீட்டரைத் தொடுவது அதற்கு அப்புறம்.

குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது, எண்ணெய்ப் படலம் இல்லை. மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து பார்த்ததில் குமிழி வரவில்லை. கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் அங்கே காட்டிக்கொடுக்கும். பெல்ட், ஹோஸ், மூடியின் ரப்பர் எல்லாம் சரி.

20 நிமிடம் ஐடிலில் விட்டோம். முள் முக்கால் அளவுக்குப் போனது. ரேடியேட்டர் வாயில் விட்ட கண்ணாடித் தெர்மாமீட்டர் 76 டிகிரி காட்டியது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல், தொடாமலே சூட்டை அளக்கும் லேசர் துப்பாக்கி வைத்தால் 61 என்றது. இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோர் கையிலும் அந்தத் துப்பாக்கி இருக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் அது சரியாகப் படிக்காது, குறைத்தே சொல்லும். அதே இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப் சூடேறும் வரை பொறுத்து, அதன் மேல் வைத்ததும் 73 வந்தது. டேப் ஒட்டாமல் அளந்து ‘61தான், வண்டி ஜில்லென்று இருக்கிறது’ என்று முடிவு செய்வதும் இன்னொரு வகை ஏமாற்றுதான்.

ஆக, ஐடிலில் இன்ஜின் சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி 76-ல் நிற்பதில் ஆச்சரியமும் இல்லை.

முதல் நாள் மதியம்: குமுளி வரை

ஐடிலில் தெரிவது வேறு, ஏற்றத்தில் இரண்டாம் கியரில் தெரிவது வேறு. ஓடும்போதே அளந்தாக வேண்டும். மல்டிமீட்டரோடு வரும் வெப்பம் அளக்கும் ஒயரின் நுனியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் வைத்து, மேலே துணி வைத்து இறுகக் கட்டினோம். ஒயரை பானெட் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஓட்டினார். வெளித்தோலின் சூட்டை அளப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 4, 5 டிகிரி கூடுதலாக இருக்கும் என்று கணக்கு வைத்தேன்.

சித்திரை வெயில், மதியம் 2 மணி. வண்டிக்கு இதைவிடக் கடினமான நேரம் கிடைக்காது. லோயர் கேம்பில் 72. பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டியதும் 77. மாதா கோவில் வளைவில் 81, அப்போதே முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆசிரியரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. “ஓட்டுங்க சார், நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன். இரைச்சல் பாலம் தாண்டி, குமுளி எல்லைக்குள் நுழையும்போது 84. அதற்கு மேல் ஏறவில்லை. 5 டிகிரி கூட்டினாலும் தண்ணீர் 90-ஐத் தாண்டவில்லை. குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97-ல் கொதிக்கும். மூடி அழுத்திப் பிடிக்கும் ரேடியேட்டரில் அதற்கும் மேலே வெகு தூரம் இடம் உண்டு. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை.

எல்லையில் ஓரம்கட்டி, ஐடிலில் ஒரு சாயா குடித்தோம். அப்போது ஒன்று கவனித்தேன். நோட்டிலும் எழுதினேன். மடியில் இருந்த மீட்டர் 83-லேயே நின்றது. ஆனால் டேஷ்போர்டு முள் ஒரு நிமிடத்துக்குள் சிவப்பிலிருந்து முக்காலுக்கு இறங்கியது. சூடு இறங்கவில்லை, முள் மட்டும் இறங்கியது. இந்த ஒரு வரியை ஒழுங்காக யோசித்திருந்தால் மீதிக் கதை இல்லை. நான் யோசிக்கவில்லை. தண்ணீரின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரைச் சந்தேகப்பட்டு, ‘சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது’ என்று பக்கத்தில் எழுதிவைத்தேன்.

முதல் நாள் மாலை: சென்சார் மாற்றியதும், தவறான வெற்றியும்

சென்சார் விலை குறைவு, கடையிலேயே ஒன்று இருந்தது. சோதிக்காமல் மாற்றினேன். இது முதல் தவறு. நேரம் ஆகிவிட்டது, ஆசிரியர் இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும் என்பதெல்லாம் காரணம்தான், நியாயம் அல்ல.

பூட்டும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்து, சூடேற்றி, கூடலூர் வரை ஒரு சுற்று போய்வந்தோம். முள் நடுவில், அசையாமல் நின்றது. ஆசிரியர் முகத்தில் இரண்டு மாதக் கவலை இறங்கியது தெரிந்தது. எனக்கும் திருப்திதான். வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள்: தொலைபேசி

காலையில் குமுளியிலிருந்து அழைத்தார். நன்றி சொல்லத்தான் அழைத்தார். மாதா கோவில் வளைவில் நிறுத்தாமல் ஏறியது இரண்டு மாதத்தில் இதுதான் முதல் முறையாம். வைக்கப்போகும் நேரத்தில், “பெட்ரோல் முள்ளையும் ஒரு நாள் பார்த்துடணும் தம்பி. டேங்க் நிரப்பினா எஃப்-ஐத் தாண்டிப் போய் ஒட்டிக்குது. போன மாசம் கால் டேங்க் காட்டிக்கிட்டே வண்டி நின்னுபோச்சு” என்றார்.

“எத்தனை நாளா சார்?”

“அதுவும் ஒரு ரெண்டு மாசமாத்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்ப ஏற்றம் எதுவும் ஏறாமல் நேராகக் கீழே இறங்கி வந்துவிடச் சொன்னேன்.

காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வகை மீட்டர் வெப்பத்தை அளப்பதில்லை, தனக்குள் ஓடும் கரண்டை அளக்கிறது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கரண்ட் ஓடினால் கம்பி சூடாகி, தகடு வளைந்து, முள்ளைத் தள்ளும். அதனால்தான் முள் மெதுவாக நகர்கிறது. தண்ணீர் சூடேறச் சூடேற சென்சாரின் தடை குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். பெட்ரோல் மீட்டரும் இதே மாதிரிதான். அங்கே சென்சாருக்குப் பதில் டேங்க்கில் மிதவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியின் வோல்டேஜ் ஒரே அளவில் நிற்காது. ஐடிலில் லைட் போட்டால் 12-க்குப் பக்கம், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் வேகம் எடுத்தால் 14. வோல்டேஜ் ஏறினால் தண்ணீர் சூடாகாமலேயே முள் ஏறும். அதைத் தடுக்க மீட்டர்களின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அது கரண்டை விட்டு விட்டுத் திறந்து மூடி, சராசரியாக 10 வோல்ட் அளவில் இரண்டு மீட்டர்களுக்கும் கொடுக்கும். இரண்டுக்கும் அது ஒன்றுதான். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். 10 வோல்ட்டுக்குப் பதில் 14 போனால் கம்பியில் உண்டாகும் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எல்லையில் நின்றபோது முள் இறங்கியது ஏன் என்பதும் இதில் அடங்கிவிட்டது. ஏற்றத்தில் ரேஸ் கொடுத்தபோது வோல்டேஜ் ஏறியது, ஐடிலில் இறங்கியது. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஸ்டெபிலைசர்தான் காரணம் என்றால், சென்சார் மாற்றியதும் முள் எப்படி நடுவுக்கு வந்தது?

மூன்றாம் நாள் மதியம்: மூன்று சோதனைகள்

முதலில், அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. பழைய சென்சார், புதிய சென்சார் இரண்டையும் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தோம். பக்கத்தில் தெர்மாமீட்டர். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் தண்ணீரின் சூடு தெரியாது, பாத்திரத்தின் சூடுதான் தெரியும். பழைய சென்சார் 50 டிகிரியில் 190 ஓம், 80-ல் 76, கொதிநிலையில் 46. புதியது 50-ல் 196, 80-ல் 79, கொதிநிலையில் 48. கம்பத்தில் தண்ணீர் 100-க்கு ஒரு டிகிரி குறைவாகவே கொதிக்கும், அது கணக்கில் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய சென்சார் நன்றாகவே இருந்தது. நான் மாற்றியது நல்ல பொருளை.

புதிய சென்சாரைக் கழற்றும்போதே இரண்டாவது விடையும் கிடைத்துவிட்டது. மரையில் வெள்ளை டெஃப்ளான் டேப், தாராளமாக ஐந்தாறு சுற்று. பையன் எங்களிடம் வருவதற்கு முன் பிளம்பிங் வேலைக்குப் போனவன். கசியக் கூடாது என்று சுற்றியிருக்கிறான். குழாய்க்கு அது சரிதான். ஆனால் இந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான் வரும். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி, அதாவது எர்த், அதன் உடம்பு, மரை, இன்ஜின் பிளாக். அந்த மரையில் டேப் சுற்றினால் எர்த் பாதையில் தடை வைத்த மாதிரி. சரியாக இறுகியிருந்தால் மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு பிளாக்கைத் தொட்டிருக்கும். இது பாதி தொட்டும் தொடாமலும் இருந்தது. திரும்ப அதே டேப்போடு பூட்டி, சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன். ஒயரை ஆட்ட ஆட்ட 20 ஓமிலிருந்து 35 வரை அலைந்தது. டேப்பை எடுத்து, மரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பூட்டியதும் 0.2.

ஸ்டெபிலைசர் முள்ளை மேலே தள்ளியது. டேப் முள்ளைக் கீழே இழுத்தது. இரண்டும் சேர்ந்து, முள் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றுவிட்டது. இந்த வேலையில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். சிவப்பில் நின்ற முள்ளால் ஆசிரியருக்குப் பணமும் நேரமும் போனது, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் நின்ற முள்ளோடுதான் அவர் அன்று காலை மலை ஏறினார். வழியில் ஹோஸ் வெடித்திருந்தால், பெல்ட் அறுந்திருந்தால், அந்த முள் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. நான் ‘சரி’ என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி அவர் ஓட்டிக்கொண்டே போயிருப்பார்.

மூன்றாவது சோதனை ஸ்டெபிலைசர். டேஷ்போர்டு மீட்டர் பெட்டியைச் சற்று முன்னால் இழுத்து, அதன் வெளியேறும் முனையில் மல்டிமீட்டரை வைத்தோம். ஒழுங்காக வேலை செய்தால் எண் நிற்காமல் மேலும் கீழும் குதிக்க வேண்டும்; டெஸ்ட் லேம்ப் வைத்தால் விட்டு விட்டு எரியும். இங்கே ரேஸ் கொடுத்தால் 13.9, அசையாமல். அதன் தகர உறைக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இல்லை. உள்ளே திறந்து மூடும் தகட்டைச் சூடாக்கும் கம்பிக்கு அந்த உறைதான் எர்த். எர்த் இல்லையென்றால் கம்பி சூடாகாது, தகடு திறக்காது, வருகிற வோல்டேஜ் அப்படியே மீட்டருக்குப் போய்விடும்.

ஒரு ஒயரை எடுத்து உறையிலிருந்து பாடிக்குத் தொட்டேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எண் குதிக்கத் தொடங்கியது. பெட்ரோல் முள் மெதுவாக, பாதியிலிருந்து காலுக்கும் கீழே இறங்கியது. ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றார். “அப்ப இதுவரைக்கும் நான் காத்துல ஓட்டிக்கிட்டிருந்தேனா” என்றார்.

எர்த் ஏன் போனது என்று பார்த்தோம். ஸ்டெபிலைசர் ஒரே ஒரு ஸ்க்ரூவில் மீட்டர் பெட்டியின் முதுகில் நிற்கிறது. ஸ்க்ரூ இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் பெட்டியின் முதுகு முழுவதும் புதிய கறுப்பு பெயின்ட். பெட்டியை பாடியோடு பிடிக்கும் காதுகளிலும் பெயின்ட். யார் அடித்தது என்று கேட்டேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நான்தான் தம்பி. மாசி மாசம் ஸ்பீடாமீட்டர் கேபிள் மாத்தும்போது அதைக் கழற்றி ஒரு நாள் வெளியே வச்சிருந்தாங்க. பின்னாடி துரு பிடிச்சிருந்துச்சு. வீட்ல பெயின்ட் இருந்துச்சு, சும்மா கிடக்குதேன்னு...”

வண்டியை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர்தான் அப்படிச் செய்வார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

செய்த வேலை, செய்யாத வேலை

ஸ்க்ரூ இடத்திலும் காதுகளிலும் எமரி போட்டுப் பெயின்ட்டைச் சுரண்டினோம். அது போதும் என்றாலும், ஸ்டெபிலைசர் உறையிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்தோம். இந்த வயது வண்டியில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை.

ஸ்டெபிலைசரை மாற்றலாமா என்று யோசித்தோம். டிவி ரிப்பேர் கடையில் கிடைக்கும் 7810 என்ற மூன்று கால் ஐசி இதே 10 வோல்ட்டைத் தரும். பழைய வண்டிகளில் பலர் அதைப் போடுகிறார்கள். ஆனால் அதற்கும் எர்த் வேண்டும். எர்த் போனால் அதுவும் இதே கதைதான். இருக்கிறது ஒழுங்காகக் குதிக்கிறது, இருக்கட்டும் என்று விட்டோம். பழைய சென்சாரையே டேப் இல்லாமல் திரும்பப் பூட்டினோம். புதிய சென்சாருக்குப் பணம் வாங்கவில்லை.

அடுத்து மீட்டரைத் தனியாகச் சோதித்தோம். சென்சார் ஒயரைக் கழற்றி, 76 ஓமுக்கும் 46 ஓமுக்கும் பக்கமாக வருகிற ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக எர்த்தோடு கோத்து, முள் நிற்கும் இடங்களைக் குறித்தோம். 76-ல் நடுவுக்குச் சற்றுக் கீழே. 46-ல் முக்காலுக்கு மேல், சிவப்புக்கு ஒரு விரல் முன்னால். இந்தச் சோதனையில் சிலர் ஒயரை நேராக எர்த்தில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முள் ஏறும், உண்மைதான். நொடிக்கு மேல் பிடித்தால் உள்ளே இருக்கும் கம்பி வெந்தும் போகும். இந்த மீட்டருக்கு இப்போது மாற்று கிடைப்பது கஷ்டம்.

இப்போது ஓட்டிப் பார்த்தால் முள் நடுவுக்கு நன்றாகக் கீழேயே நின்றது. இந்த முறை அதை நம்ப முடிந்தது, ஏனென்றால் காரணம் தெரியும்: தெர்மோஸ்டாட் இல்லை. அது இல்லாத இன்ஜின் தரையில் சூடேறவே நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, அதே பாத்திரத்தில் போட்டு 82, 83-ல் திறக்கத் தொடங்குவதைப் பார்த்த பிறகு பூட்டினோம். முதல் நாளே அதைப் போட்டிருக்கலாமே என்று உதவியாளர் கேட்டார். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால் எது எதை மாற்றியது என்று தெரியாது. டேப் விஷயத்தில் பட்ட பாடு அவருக்கும் நினைவிருந்தது, அதற்கு மேல் கேட்கவில்லை.

நான்காம் நாள்: மறுபடி குமுளி

அதே மதிய நேரம், அதே ஒயர் என் மடியில். மாதா கோவில் வளைவில் 84, எல்லையில் 87. முள் நடுவைத் தாண்டி ஒரு நூல் அளவு. எல்லையில் ஐடிலில் நிறுத்தி ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம், ரேஸ் கொடுத்தும் பார்த்தோம். இரண்டு முள்ளும் அசையவில்லை. கீழே வந்ததும் டேங்க்கில் இருந்த பெட்ரோலை வடித்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக் கொடுத்தோம். அது அவர் கேட்காத வேலை. ஆனால் அதுதான் இந்தக் குறையைக் காட்டிக்கொடுத்த முள், அதை அப்படியே விட மனமில்லை.

இப்போது மாற்றிச் செய்கிறவை

முள் ஏறுகிறது என்று வண்டி வந்தால் இப்போது நான் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் மாறிவிட்டன. பெட்ரோல் முள் ஒழுங்காக இருக்கிறதா? இது தொடங்குவதற்கு முன் கடைசியாக வண்டியில் எதைக் கழற்றினார்கள்? இரண்டாவது கேள்வியை முதல் நாள் கேட்டிருந்தால் ஸ்பீடாமீட்டர் கேபிள் அப்போதே வந்திருக்கும். அவர் மறைக்கவில்லை, கேபிளுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஹெட்லைட் சோதனை ஒரு நிமிட வேலை. ஐடிலில் எல்லா லைட்டும் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு ரேஸ் கொடுத்து முள்ளைப் பார்ப்பது. அதோடு சேர்ந்து ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசரும் அதன் எர்த்தும்தான்.

சென்சாரைச் சோதிக்காமல் மாற்றுவதில்லை. மாற்றினால் பூட்டிய பிறகு அதன் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஓம் அளந்து வேலைச் சீட்டில் எழுதுகிறோம். டெஃப்ளான் டேப் உருளை இப்போது கருவிப் பெட்டியில் இல்லை, மேலே அலமாரியில் இருக்கிறது. பையனைத் திட்டவில்லை. பார்க்காமல் கொடுத்தது நான்.

வாடிக்கையாளர்களிடம் சொல்லும் ஒன்றும் கூடியிருக்கிறது. ஏறிய முள் திடீரென்று விழுந்தால் அது நல்ல சேதி அல்ல. தண்ணீர் இறங்கி, சென்சார் காற்றில் நின்றால் பல வண்டிகளில் முள் கீழேதான் போகும். ஆசிரியரிடம் இதை இரண்டு முறை சொன்னேன். பொய் முள்ளோடு இரண்டு மாதம் ஓட்டியவருக்கு எந்த முள்ளையும் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கம் வந்துவிடுமோ என்ற பயம்.

அதற்குப் பிறகு

ஏழு மாதம் எந்தச் சேதியும் இல்லை. கார்த்திகை பிறந்து சபரிமலை வண்டிகள் வரத் தொடங்கின. சீசனில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக விட்டு, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குவார்கள். ஒரு சாயங்காலம் ஆசிரியர் குமுளியிலிருந்து இறங்குகிற வரிசையில் மாட்டிக்கொண்டு அழைத்தார். அரை மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, முள் முக்காலுக்கு வந்துவிட்டது.

“பெட்ரோல் முள் எங்க சார் நிக்குது?”

“காலைல 10 லிட்டர் போட்டேன். நீங்க குறிச்சுக் கொடுத்த 10 லிட்டர்லேயேதான் நிக்குது.”

“லைட் போட்டா இறங்குதா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். “இல்ல தம்பி. அப்படியே நிக்குது.”

“அப்ப நிஜம் சார். ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க. மூடியைத் திறக்காதீங்க. நான் வர்றேன்.”

பைக்கில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஃபேன் பெல்ட் தொய்ந்து, விரலால் அழுத்தினால் ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. தண்ணீர் குறையவில்லை. ஆல்டர்நேட்டரைத் தள்ளி பெல்ட்டை இறுக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஸ்டார்ட் செய்து காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முள் நடுவுக்கு இறங்கி வந்தது. நான் அப்போதும் தெர்மோஸ்டாட் கூட்டில் டேப் ஒட்டி, துப்பாக்கி வைத்துப் பார்த்தேன். 82.